ஞானஜோதி சிஸ்டர் உட்கார்ந்த இரண்டரை மணி நேரம்

ஆமத்தூர் ஞானஜோதி ஒரே இடத்தில் தொடர்ந்து நான்கு நிமிடம் உட்கார்ந்ததைப் பார்த்தேன் என்று சொல்ல எங்கள் ஊரில் ஒரு சாட்சி கிடையாது. சர்ச்சில் பிரசங்கம் ஆரம்பித்ததும் ஜன்னலைச் சாத்த எழுந்திருப்பாள். சாத்திய ஜன்னலைத் திறக்க மறுபடி எழுந்திருப்பாள். சாப்பாடு அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவே நடந்துகொண்டேதான். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை ராஜசிங் மீசை முடியை எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக நிற்கிறார். பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய ஒரு புகை நிற்கிறது. போட்டோக்காரர் மூன்று தடவை எடுத்தும் புகைதான் விழுந்ததாம். கூட்டிச் சொல்கிறேன் என்று தோன்றினால் அவர்கள் வீட்டு முன்னறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். படம் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது.

இருபத்து மூன்று வருடமாகச் சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தீக்காயப் பிரிவு. விடியற்காலையில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆமத்தூருக்கு ஆள் எடுக்க வரும்போது, அவளும் ஏதாவது ஒன்றில் ஏறிக்கொள்வாள். ஏறியதும் பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் முதலில் அவள் கண் போவது அவர் கைக்குத்தான். விரல் நுனி வெந்திருக்கிறதா, பழைய தழும்பு இழுத்துப் பிடித்திருக்கிறதா, நகத்தில் பட்டாசு மருந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுவாள். மகள் ஜெஸ்லினைப் பெண் பார்க்க வந்த பையனிடமே, "வாங்க தம்பி, கையைக் காட்டுங்க" என்றாள். பையன் ஜோசியம் பார்க்கிறார்களாக்கும் என்று நினைத்து நீட்டினான்.

அப்பேர்ப்பட்டவளைத்தான் போன நவம்பரில் ஓய்வெடுத்துவிட்டு வா என்று அந்தமானுக்கு அனுப்பினார்கள்.

நடந்தது இதுதான். தீபாவளிச் சரக்கு எல்லாம் லோடு ஏறிப் போன பிறகு, ஒரு பட்டாசுக் கம்பெனி தன்னிடம் வேலை பார்க்கும் பன்னிரண்டு போர்மேன்களைக் குடும்பத்தோடு சுற்றுலா அனுப்புவது வழக்கம். முந்தின வருடம் கோவா போனார்கள். அங்கே எதையோ தின்று, பன்னிரண்டு போர்மேன்களும் கடலைப் பார்க்காமல் கக்கூசை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதனால் இந்த முறை கூட ஒரு நர்ஸ் போக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் ஞானஜோதியைக் கூப்பிட்டார்.

"அஞ்சு நாள் சிஸ்டர். கடற்கரையில சும்மா உட்காந்திருந்தாப் போதும்."

"சும்மா உட்காரவா? எதுக்கு டாக்டர்?" என்று அவள் பயந்துபோய்க் கேட்டாள்.

தினசரி காலண்டர் அடைத்து வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. வாந்திக்கு, பேதிக்கு, காய்ச்சலுக்கு மாத்திரைகள், உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், கொசுவுக்குப் பூசும் களிம்பு, பஞ்சு, கட்டுத்துணி, தெர்மாமீட்டர் என்று அது நிரம்பியது. கடைசியில் தீப்புண் களிம்பு ஆறு டியூப். "கடலுக்குப் போற, இது எதுக்கு?" என்றார் ராஜசிங். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். வீட்டில் மட்டும் ஓடமாட்டார். "இருக்கட்டும்" என்றாள். அவளைப் பொறுத்தவரை மனிதனுக்கு வருகிற முதல் கஷ்டம் தீதான்; மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

மதுரை விமான நிலையத்தில் ஒரு கூத்து. பையைத் துடைத்த துணியை வைத்து வெடிமருந்து கண்டுபிடிக்கிற மெஷின் ஒன்று அங்கே உண்டு. பன்னிரண்டு போர்மேன்களின் பையையும் துடைத்தார்கள். பன்னிரண்டு தடவையும் அது அலறியது. மருந்து வாசம்! மூன்று நாள் குளித்து, துணியை இரண்டு தடவை துவைத்து வந்தும் போகவில்லை. கம்பெனி மேனேஜர் ஸ்ரீராம்குமார், முதலாளியின் மருமகன், இருபத்தெட்டு வயது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலேயே ஒவ்வொரு அதிகாரியிடமும் லைசென்ஸ் நகலைக் காட்டி மன்றாடினார். மெஷின் அன்று தொண்டை கட்டிக்கொண்டது என்று கேள்வி.

விமான வாசலில் இன்னொன்று. முனியசாமி என்று ஒரு போர்மேன், ஐம்பத்து நான்கு வயது. படியில் செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார். வலது உள்ளங்கையைக் கதவில் ஒரு நொடி வைத்து எடுத்தார். பிறகு வெறுங்காலோடு உள்ளே போய்ச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பணிப்பெண் செருப்பை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக உடையவரைத் தேடி வந்தாள்.

அவருடைய மனைவி பொன்னுத்தங்கம் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க போனாலும் இந்தக் கூத்துதான் சிஸ்டர். பேங்க்ல கழத்துவாரு, முடி வெட்டுற கடையில கழத்துவாரு. போன மாசம் பஸ்ல கழத்திட்டு ஏறி, செருப்பு மட்டும் சிவகாசியிலயே நின்னுருச்சு."

"முப்பது வருசப் பழக்கம் தாயி" என்று சிரித்தார் முனியசாமி. மருந்து கலக்குகிற ரூமுக்கு அவர் போர்மேன். அந்த ரூம் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். சுவரில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்க வேண்டும். அப்புறம்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். முப்பது வருடத்தில் அவர் ரூமில் ஒரு பொறி கூடப் பறந்ததில்லை. கால் தன்னால் கழற்றும், கை தன்னால் தொடும்; அவர் சொல்லி நிறுத்தினாலும் நிற்காது.

ஞானஜோதி அவர் கையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். சுத்தமான கை. "நல்லா இருக்கீக அண்ணாச்சி" என்று விட்டுவிட்டாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் பிளேரில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் படகில் ஹேவ்லாக் தீவு. இப்போது அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். படகுக்காரர்கள் பழைய பெயரைத்தான் கூவுகிறார்கள். படகு கிளம்ப அரைமணி இருக்கும்போது ஞானஜோதி வாந்தி மாத்திரையோடு வரிசை வரிசையாக வந்தாள்.

"பாட்டில் தண்ணிதான் குடிக்கணும். மூடி ஒடைக்கிற சத்தம் உங்க காதுல விழணும். வெட்டி வச்ச பழத்தத் தொடக் கூடாது. எளநி நம்ம கண்ணு முன்னால வெட்டுனாத்தான். மீனு ஆவி பறக்க வந்தாத் தின்னுங்க, ஆறியிருந்தா ஆசப்படாதீக. பதினோரு மணிக்கு மேல வெயில்ல நிக்கப்படாது. சாயங்காலம் முழுக்கைச் சட்டை, கொசு மருந்து. யாருக்காவது சுகர், பிரஷர் இருக்கா? இப்பயே சொல்லிருங்க."

இரண்டு பேர் பிரஷர் என்று கை தூக்கினார்கள். முனியசாமி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் மாத்திரையை வாங்கவில்லை. "நான் தினம் ஜிம் போறவன் சிஸ்டர்" என்றார். அன்று கடல் தாம்பாளத் தண்ணீர் போலக் கிடந்ததால் அவர் மானம் தப்பியது.

தீவு அழகாக இருந்ததாம். ஞானஜோதியைக் கேட்டால், "ஆமா, தென்னமரமா நிக்கும்" என்பாள்; அவ்வளவுதான் அவளிடம் வாங்க முடியும். மற்ற பெண்கள் மணலில் உட்கார்ந்து அலையைப் பார்த்தபோது அவள் கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். ஓட்டல் சமையலறைக்குள் புகுந்து தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். பக்கத்தில் எங்கே மருந்துக்கடை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எந்த ரோடு, ஆட்டோ எத்தனை நிமிடத்தில் போகும் என்று வரவேற்பில் இருந்த பையனைக் குடைந்தாள். முதல் நாள் முடிந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கை பரபரத்தது என்று மட்டும் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் காலையில் கண்ணாடித்தரைப் படகு. கடல் வற்றியிருந்த நேரம். படகு கொஞ்சம் தள்ளி நின்றது. முழங்கால் தண்ணீரில் செத்த பவளப் பாறைகள் மேல் நடந்து போய் ஏற வேண்டும். "செருப்போட வாங்க, அறுக்கும்" என்று படகுக்காரர் இந்தியிலும் சைகையிலும் சொன்னார். எல்லோரும் செருப்போடு இறங்கினார்கள். முனியசாமி மணலில் செருப்பை ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு, எதிரே வந்த ஒரு தென்னை மரத்தை உள்ளங்கையால் தொட்டுவிட்டு, வெறுங்காலோடு போனார். முகம் சுளிக்கவில்லை. புல்தரையில் நடக்கிற மாதிரி நடந்தார். "எங்க அண்ணாச்சி காலு இரும்புக் காலு" என்று சீனிச்சாமி என்ற இன்னொரு போர்மேன் கைதட்டினார்.

மூன்றாம் நாள் காலை முனியசாமி சாப்பிட வரவில்லை. "கடக்காத்து ஒத்துக்கலை போல, நடுங்குதாரு" என்றாள் பொன்னுத்தங்கம். ஞானஜோதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழாம் நம்பர் அறைக்கு ஓடினாள். மனிதர் கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்தார். காய்ச்சல் நூற்றிரண்டு. நாக்கைப் பார்த்தாள், நெஞ்சைத் தட்டினாள், வழக்கம்போல இரண்டு கையையும் புரட்டிப் பார்த்தாள். காய்ச்சல் மாத்திரை கொடுத்தாள். "நெறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லி வெளியே வந்தாள். போர்வையின் கால்பக்கத்தை அவள் தூக்கவில்லை. அவர்தான் இறுக்கிப் பிடித்திருந்தார் என்று நான் அவளுக்காக வக்கீலாகலாம். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "இருவத்து மூணு வருசமாக் கையையே பாத்து, மனுசனுக்குக் காலுன்னு ஒண்ணு இருக்கதையே மறந்துட்டேன்" என்பாள்.

மத்தியானம் மற்றவர்கள் கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். வங்கக் கடலில் எங்கோ ஒரு தாழ்வு நிலை, காற்று எழும்பியிருந்தது. சாய முடியாதவள் ஓட்டல் வராந்தாவில் பத்தொன்பதாவது தடவையாக நடந்துகொண்டிருந்தாள். வெள்ளைத் தரையில் ஈரக் காலடி ஒன்று. மங்கலான சிவப்பும் மஞ்சளுமாக. ஓர் அடி தள்ளி இன்னொன்று. எல்லாமே வலது கால். இடது காலின் தடம் எங்கேயும் இல்லை. தண்ணீர்க் குடத்திலிருந்து கிளம்பி, வரிசையாக ஏழாம் நம்பர் வாசலில் போய் முடிந்தன. வாசலில் செருப்பு ஜோடியாக, சுத்தமாக இருந்தது.

கதவைத் தட்டவில்லை. உள்ளே போய்ப் போர்வையைக் கால்பக்கமிருந்து ஒரே உருவு.

வலது பாதம் பலாச்சுளை போல வீங்கியிருந்தது. சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு பிளவு. அதில் வெள்ளையாக ஒரு பவளத் துண்டு, பல் முளைத்த மாதிரி. சிவப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது. வாடையும் வந்தது.

"அண்ணாச்சி, இது வலிக்கலையா?"

"எது?" என்று தலையைத் தூக்கிப் பார்த்தார் முனியசாமி. அவரே அப்போதுதான் பார்க்கிறார். "ஆத்தி! இது எப்ப?"

பேனா முனையால் அவர் உள்ளங்காலை அழுத்தினாள். "இங்கன தெரியுதா?" தெரியவில்லை. "இங்கன?" தெரியவில்லை. மற்ற காலிலும் அப்படித்தான்.

"சுகர் எம்புட்டு வருசமா இருக்கு?"

"சுகரா? இவருக்கா?" என்று பொன்னுத்தங்கம் குறுக்கே வந்தாள். "காப்பிக்கு மூணு கரண்டி சீனி போடுற மனுசன் சிஸ்டர்! ஒரு நாள் ஆஸ்பத்திரிப் படி மிதிச்சதில்ல. மாசா மாசம் மொதத் திங்கக்கெழம விருதுநகருக்கு வத்தல் வாங்கப் போவாரு, அது ஒண்ணுதான் அவருக்குச் செலவு."

"மாசா மாசமா? வத்தலா? வீட்ல எத்தன பேரு?"

"நாங்க ரெண்டு பேருதான். பானை பானையா இருக்கு. சொன்னாக் கேக்கமாட்டேங்காரு."

ஞானஜோதி முனியசாமியைப் பார்த்தாள். முனியசாமி மின்விசிறியைப் பார்த்தார்.

"சிவகாசியில டாக்டரைப் பாத்தாக் கம்பெனிக்குத் தெரிஞ்சு போகும்" என்றார் மெல்ல. "எட்டு வருசமா விருதுநகர்லதான் மாத்திர வாங்குறேன். வெறுங்கையோட வந்தா இவ கேப்பா. அதான் வத்தல்."

 எட்டு வருடத்து மிளகாய் வற்றலும் ஒரே நேரத்தில் பொன்னுத்தங்கத்தின் கண்ணில் எரிந்திருக்க வேண்டும். அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே, "சண்டாளா, போன வருசம் எலி தின்னதுன்னு ஒரு மூட்டையத் தூர எறிஞ்சேனே" என்றாள்.

ஞானஜோதிக்கு நிற்க நேரமில்லை. ஆட்டோ. சுகாதார நிலையம். இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தமிழ் வராது, இவளுக்கு இந்தி வராது. ஆஸ்பத்திரி இங்கிலீஷ் இருவருக்கும் வந்தது, அது போதும். சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. பவளத் துண்டை எடுத்து, புண்ணைக் கழுவி, நரம்பில் மருந்து ஏற்றி, தடுப்பூசி போட்டார். பிறகு சொன்னார்: உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, அறுத்து எடுக்க இங்கே வசதி இல்லை, போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றே போக வேண்டும். நாளைக் காலை என்றால்? டாக்டர் முழங்காலுக்குக் கீழே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

மணி மூன்று பத்து. காற்று காரணமாகத் தனியார் கப்பல்கள் எல்லாம் ரத்து. நாலு மணிக்கு அரசாங்கக் கப்பல் ஒன்று மட்டும் போகும், அதிலும் இடமில்லை என்றார்கள். டாக்டரின் கடிதத்தைக் கொடி போலத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஞானஜோதி கப்பல் துறைக்கு ஓடினாள். வரிசையில் இருந்த நூறு பேரைத் தாண்டி, கவுண்டருக்குள் கழுத்து வரை நுழைந்துவிட்டாளாம். டிக்கெட் கொடுத்தால்தான் தலையை வெளியே எடுப்பாள் என்று உள்ளே இருந்தவருக்குப் புரிந்தது. நான்கு டிக்கெட். முனியசாமி, பொன்னுத்தங்கம், இவள், அப்புறம் மேனேஜர்.

"காய்ச்சல்தானே சிஸ்டர்? நாளைக்கு எல்லாரும் போகத்தான போறோம்" என்று மேனேஜர் இழுத்தார்.

"பவளப் பாறை குத்தி கால் சீழ் பிடிச்சிருக்கு சார். வாங்க. மாத்திர போட்டுக்கிடுங்க, கடல் ஆடும்."

"எனக்கு வேண்டாம் சிஸ்டர்."

சுகர் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. ஏனென்றால் ஆட்டோவில் வரும்போது முனியசாமி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "கால் மரத்தவன மருந்து ரூம்ல விடமாட்டாக சிஸ்டர். முப்பது வருசம். அந்த ரூம் தவிர எனக்கு ஒரு எழவும் தெரியாது. சொல்லிராதீக" என்று கெஞ்சியிருந்தார். 

மற்ற போர்மேன்களுக்கான மாத்திரைகளைச் சீனிச்சாமியிடம் ஒப்படைத்துவிட்டு, பெட்டியோடு கப்பல் ஏறினாள். முனியசாமியின் காலை உயர்த்தி வைக்க வேண்டும்; நீட்டி வைக்க வசதியில்லை. கடல் தூக்கித் தூக்கிப் போட்டது. வேறு வழியில்லாமல் ஞானஜோதி எதிர் சீட்டில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழுந்தால் கால் விழும். விழுந்தால் கட்டு அவிழும்.

ஆக, உட்கார்ந்தாள். முதல் பத்து நிமிடம் அவளுடைய தோள் மட்டும் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. அந்தக் கப்பல் அவ்வளவு ஆடியதற்குக் காற்று பாதி, ஞானஜோதி பாதி என்பது என் கட்சி.

"மாத்திர ஒழுங்காத்தான் தின்னேன்" என்று முனியசாமி பேச ஆரம்பித்தார். "தீபாவளி சீசன்லதான் ரெண்டு மாசம் விருதுநகர் போக முடியல. ஆர்டர் அம்புட்டு."

"சரி."

"காலு எப்ப மரத்துச்சுன்னு தெரியல சிஸ்டர்."

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அந்த ரூம்ல ஏன் செருப்புப் போடக் கூடாது?"

"என்ன இப்படிக் கேக்கீக? தரையில ஒரு மணல் கிடந்தாலும் காலுக்குத் தெரியணும்லா. மருந்து சிந்திக் கிடந்தாலும் தெரியணும். அது மேல ஒரு ஒரசல் போதுமே. புதுசா வர்ற பயலுகளுக்கு நாந்தான் சொல்லிக் குடுப்பேன், காலால பாருங்கலேன்னு."

"இப்ப உங்க காலு பாக்குதா?"

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. முனியசாமி அவள் மடியில் கிடந்த தன் காலைப் பார்த்தார்.

"ரூம்ல உங்க கூட எத்தன பேரு?"

"நாலு பேரு." விரலை மடக்கி எண்ணிவிட்டு, "ஒருத்தன் என் தங்கச்சி மகன். மணிகண்டராஜ். சித்திரையில கல்யாணம்" என்றார்.

"எனக்குத் தெரிஞ்ச வெந்த கை எங்க வார்டுல நெறைய இருக்கு அண்ணாச்சி. இன்னும் நாலு சோடி வேண்டாம். நான் யார்ட்டயும் சொல்லப் போறதில்ல. நீங்க சொல்லணும். ஊருக்குப் போயி, கட்டுப் பிரிச்சதுக்கப்புறம் நீங்க அந்தத் தகட்டத் தொட்டுட்டு உள்ள போறதாக் கேள்விப்பட்டா, அன்னைக்கு நானே கம்பெனி கேட்டுல வந்து நிப்பேன்."

"எனக்கு வேற வேல தெரியாதே."

"சுண்ணாம்புக் கல்லு மாதிரி பவளம் உள்ள போயி ஒண்ணர நாளாகியும் உங்களுக்குத் தெரியல."

 முனியசாமி தன் வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுத்தங்கம் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். ஞானஜோதிக்கு எழுந்து நாலு நடை நடந்தால் தேவலை என்றிருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மேனேஜரின் ஜிம் அப்போது அவரைக் கைவிட்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி எங்கேயோ போய்விட்டது. மூன்றாவது பாலிதீன் பையை முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடி, கண்கள் சொருகி, எதிர் வரிசையில் சரிந்துகிடந்தார்.

"சார்" என்றார் முனியசாமி.

"ம்ம்."

"சார், எனக்கு எட்டு வருசமா சுகரு. காலு மரத்துப் போச்சு. இனிமே மருந்து ரூம்ல நான் நிக்கப்படாது. மறச்சது தப்புதான். வேலைய விட்டு மட்டும் எடுத்துராதீக. பேக்கிங்ல போடுங்க."

"எங்க வேணா போடுறேன்... அண்ணாச்சி... இந்தக் கப்பல நிறுத்தச் சொல்லுங்க."

"போர்மேனாவே போடுவீகளா?"

"முதலாளியாவே... போடுறேன்..." பை நிறைந்தது.

ஞானஜோதி ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காலண்டர் பெட்டியின் மூடியைக் கிழித்தாள். பேனாவைப் பொன்னுத்தங்கத்திடம் கொடுத்தாள். "எழுதுங்கக்கா. முனியசாமி, பேக்கிங் செக்‌ஷன் போர்மேன், சம்பளத்துல கை வைக்கப்படாது. ஆங், கீழ சார் கையெழுத்து." மேனேஜரின் கையெழுத்து அந்த அட்டையில் அலை அலையாக விழுந்திருக்கிறது. கரையில் இறங்கி, எலுமிச்சம்பழம் முகர்ந்து, முகம் கழுவிய பிறகு அட்டையை மறுபடி நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். "நல்லவேளை, முதலாளின்னு எழுதல" என்று அடியில் இன்னொரு கையெழுத்தும் நேராகப் போட்டுக் கொடுத்தார். பையன் மோசமில்லை.

கப்பல் துறையில் அணைந்தபோது ஆம்புலன்ஸ் நின்றது. முனியசாமியைத் தூக்கிவிட்டார்கள். ஞானஜோதி எழுந்தாள், எழ முடியவில்லை. இரண்டரை மணி நேரம் அசையாத கால்கள் இடுப்புக்குக் கீழே கட்டையாகிவிட்டன. சீட்டைப் பிடித்துக்கொண்டு பாதி நின்றாள்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து முனியசாமி திரும்பிப் பார்த்தார். "என்ன சிஸ்டர், மரத்துப் போச்சா? எங்க, காலைக் காட்டுங்க பாப்போம்."

அன்று ராத்திரியே அறுத்துச் சீழை எடுத்தார்கள். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. பாதம் தப்பியது. ஒன்பது நாள் கழித்துத்தான் ஊர் திரும்பினார்கள். அந்த ஒன்பது நாளில் ஞானஜோதி அந்த ஆஸ்பத்திரியின் எல்லாப் படிகளையும் தேய்த்துவிட்டு வந்தாள்.

இப்போது முனியசாமி பேக்கிங் ஷெட்டில் அட்டைப்பெட்டி கட்டும் இடத்தில் நிற்கிறார், கான்வாஸ் ஷூவோடு. மருந்து ரூம் தகட்டை மணிகண்டராஜ் தொடுகிறான். அந்த வழியாகப் போகும்போது முனியசாமி நடையைக் குறைப்பார் என்றும், கை அரை அடி உயர்ந்து தாழும் என்றும் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை கணவனும் மனைவியுமாக விருதுநகர் போகிறார்கள். சர்க்கரை பார்த்து, மாத்திரை வாங்கிவிட்டு, பழக்கதோஷத்தில் வற்றல் கடைப் பக்கம் திரும்புகிறவரை பொன்னுத்தங்கம் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வருகிறாள். பழைய பானையில் ஒன்று ஞானஜோதி வீட்டுக்கு வந்துவிட்டது. எனக்கும் ஒரு படி கிடைத்தது, நல்ல காரம்.

ஞானஜோதி மாறிவிட்டாளா என்று கேட்பீர்கள். வேனில் ஏறியதும் இப்போது அவள் கண் முதலில் கீழே போகிறது. மற்றபடி, பிரசங்கத்துக்கு நடுவே ஜன்னல்கள் அப்படியேதான் திறந்து மூடுகின்றன.

ஒன்று மட்டும் புதிது. கப்பலில் பொன்னுத்தங்கம் அழுதபடியே தன் செல்போனில் ஒரு படம் எடுத்திருந்தாள். ஞானஜோதி, மடியில் ஒரு கட்டுப் போட்ட கால். கப்பல் ஆடியும் படம் ஆடவில்லை. நெற்றியில் ஒட்டிய முடி ஒவ்வொன்றும் தெரிகிறது. ராஜசிங் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். "இருவத்தாறு வருசத்துல இன்னைக்குத்தான் ஒன் மொகத்த முழுசாப் பாக்கேன்" என்றாராம். அவள், "வேற வேலையில்ல" என்று சொல்லிவிட்டு, போகும்போதும் வரும்போதும் அந்தச் சட்டத்தை நேராக்கிக்கொண்டே இருக்கிறாள். அது நேராகத்தான் இருக்கிறது.